ஆறு விநாடி உள்நோக்கு

மடிப்புக்காரி அந்த உடைக்குள் ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தாள். காலை எட்டு ஐந்துக்கு உள்ளே போனவள் மாலை ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்தாள். நேரத்தை உடையே குறித்துவைத்தது என்பதால் இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

உடை சாம்பல் நிறம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோலோடு தோலாக ஒட்டும் ரப்பர். அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு உணரிகள் இருந்தன. தோள் எவ்வளவு உயர்கிறது, முழங்கை எவ்வளவு மடிகிறது, முதுகில் எந்த எலும்பு முதலில் சாய்கிறது என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். மாட்டிவிட இரண்டு பெண் உதவியாளர்களும் ஒரு முழு டப்பா பவுடரும் தேவைப்பட்டன. இடையில் கழற்றினால் முந்நூற்றுப் பன்னிரண்டையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். ஆகவே இடையில் கழற்றக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் இது பதினோரு இடங்களில் எழுதியிருந்தது. அவள் பதினோரு இடங்களிலும் கையெழுத்துப் போட்டாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். உலர்த்தியிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. மூலையோடு மூலை, ஓரத்தோடு ஓரம், உள்ளங்கையால் ஒரு தட்டு, மறுபடி பாதி, மறுபடி பாதி. ஒரு விரிப்புக்குப் பதினெட்டு விநாடி. அங்கிருந்த பதினான்கு பெண்களில் அவளுக்குத்தான் கை வேகம். எதிர்த்தும் பேச மாட்டாள். எதிர்கால ஆயத்த ஆணையம் அவளைத் தேர்ந்தெடுத்தபோது முதல் காரணத்தை மட்டும் கோப்பில் எழுதியது.

அந்த ஆணையம் நாட்டை எதிர்காலத்துக்குத் தயார் செய்வதற்காக அமைக்கப்பட்டது. எதிர்காலம் நான்கு வருடங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஆணையத்தின் கட்டடத்தில் மின்தூக்கி வேலை முடியாததால் சுற்றறிக்கை மூலம் இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டது. இந்த முறை தவறாது என்றார்கள். காரணம், வளைகரம்.

வளைகரம் எலும்பில்லாத இயந்திரம். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து யானைத் தும்பிக்கை போல இரண்டு கைகள், மேலே கண்ணாக ஒரு கேமரா. எல்லாம் மெத்தென்ற ரப்பர். காற்றை ஏற்றினால் விறைக்கும், இறக்கினால் தொங்கும். இரும்புக் கைகள் விரிப்பைக் கிழித்தன. இது கிழிக்காது. ஆனால் இதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு மனிதரின் அசைவைப் பார்த்து அது தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த மனிதருக்கு ஆணையம் வைத்த பெயர், மூலம்.

"மூலமா?" என்றாள் அவள் நாத்தனார். அவளும் அதே சலவைக்கூடத்தில் பிழியும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது வேற வியாதியாச்சே அண்ணி. உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

பதிவு நடந்தது ஆணையத்தின் ஆய்வுக்கூடத்தில். மடிப்புக்காரி மடித்தாள். அரை மணிக்கு ஒரு முறை ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். தோல் வறண்டால் உணரி பிடிக்காது. மொத்தம் பத்தொன்பது டம்ளர். பதினொன்று பத்துக்கு அவள் உதவியாளரிடம் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டாள். உதவியாளர் அதைப் பொறியாளரிடம் கேட்டாள். பொறியாளர் தலைமையகத்தைத் தொலைபேசியில் கேட்டார். ஒன்றேகாலுக்குப் பதில் வந்தது: 'படிவம், பிரிவு ஏழைப் பார்க்கவும்.' பிரிவு ஏழில் இருந்தது, இடையில் கழற்றக் கூடாது என்பது. அவள் என்ன கேட்டாள் என்பது பதிவில் இல்லை. உணரிகளுக்குக் காது கிடையாது.

ஐந்தே முக்காலுக்கு உடையைக் கழற்றியதும் அவள் அறையை விட்டு ஓடினாள். 'உற்சாகத்துடன் வெளியேறினார்' என்று பொறியாளர் குறிப்பு எழுதினார்.

அதன் பிறகு அவளுக்கு ஆறு நாள் காய்ச்சல். பத்து நாள் மாத்திரை. "இனிமே இப்படிப் பண்ணிடாதீங்கம்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். எப்படி என்று அவள் வீட்டில் விளக்கவில்லை. நாத்தனாருக்கு மட்டும் தெரியும்.

மூன்று மாதம் கழித்து வளைகரம் சலவைக்கூடத்துக்கு வந்தது. ஆணையத் தலைவர் கூடவே வந்தார். உயரமானவர். பேசும்போது எதிரில் இருப்பவரின் தலைக்கு மேலே ஓர் இடத்தைப் பார்ப்பார். எதிர்காலம் அங்கேதான் இருந்தது போலும்.

இயந்திரத்தை இயக்கினார்கள். இரண்டு ரப்பர் கைகளும் மூலையைத் தேடிப் பிடித்தன. பாதி, தட்டு, பாதி, பாதி. பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான்கு விரிப்புகள் முடிந்தன. ஐந்தாவதை எடுக்கும்போது அது நின்றது.

இரண்டு கைகளும் மெதுவாகக் கீழே இறங்கி, தண்டோடு ஒட்டி இறுகின. தண்டு முன்னால் லேசாக வளைந்தது. கேமரா இடப்பக்கம், சற்றே பின்னால் திரும்பியது. உடம்பு முழுவதும் ஒரு சின்ன நடுக்கம் ஓடியது. ஆறு விநாடி. பிறகு நிமிர்ந்து, முன்னைவிட வேகமாக மடிக்கத் தொடங்கியது.

"அண்ணி" என்று நாத்தனார் காதில் சொன்னாள். "இது நீங்கதானே?"

"சும்மா இரு."

"அச்சு அசல் நீங்கதான். அந்த முழங்காலை ஒட்டிக்கிறது..."

"அதுக்கு முழங்காலே கிடையாது. சும்மா இருன்னேன்."

பொறியாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பிழை சார். கத்துக்கிட்டதுல எங்கயோ ஒரு குப்பை சேர்ந்திருக்கு. எடுத்துடலாம்."

"எது பிழை?"

"நடுவுல நிக்குது சார்."

தலைவர் தலைக்கு மேலே பார்த்தார். "நிக்குதா, யோசிக்குதா?"

பொறியாளருக்குப் பதினோரு மாத ஒப்பந்தம். அதில் நான்கு மாதம் பாக்கி. அவர் இயந்திரத்தைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

"யோசிக்குது சார்."

இப்படித்தான் உலகின் முதல் சிந்திக்கும் இயந்திரம் பிறந்தது. அதே வாரம் ஓர் ஆய்வுக்குழு அமைந்தது. நிறுத்தத்துக்குப் பிறகு மடிக்கும் வேகம் இருபத்தேழு சதவீதம் கூடுகிறது என்று அது கண்டுபிடித்தது. நேரம் ஆக ஆக நிறுத்தங்கள் நீள்கின்றன. மாலையில் பதினான்கு விநாடி வரை போகின்றன. இது 'சிந்தனை முதிர்ச்சி' எனப்பட்டது. பதிவு நாள் குறிப்போடு ஒப்பிட்டபோது, ஒவ்வொரு நிறுத்தமும் மூலம் குடித்த ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சரியாக நாற்பது நிமிடம் கழித்து வலுப்பெறுகிறது என்றும் தெரியவந்தது. குழு இதை இரண்டு அமர்வுகளில் விவாதித்து, தண்ணீர் சிந்தனையைத் தூண்டுகிறது என்ற முடிவுக்கு வந்தது. மறுநாள் முதல் வளைகரத்தின் மீது அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்தார்கள். அதற்குள் இருந்த உணரிகளில் இரண்டு பழுதாயின.

குழுவில் ஒரு தத்துவப் பேராசிரியரும் இருந்தார். அவர் இயந்திரத்தின் முன் நாற்காலி போட்டு ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார்: 'தன் செயலை நிறுத்தித் தன்னையே பார்க்கிறது. தலை தாழ்கிறது. கைகள் அடங்குகின்றன. மனிதனுக்கு வாய்க்காத பணிவு இது.' அந்தப் பத்தியிலிருந்துதான் பெயர் எடுத்தார்கள்: உள்நோக்கு.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஏன் இடப்பக்கம், சற்றே பின்னால்?

"ஆய்வுக்கூடத்துல அந்தத் திசையில என்ன இருந்துச்சு?" என்று தலைவர் கேட்டார்.

பொறியாளர் கட்டட வரைபடத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "ஒரு கதவு சார்."

"எங்க போற கதவு?"

"வந்து... வெளிய போற கதவு சார்."

"பாருங்க!" தலைவர் எழுந்துவிட்டார். "உள்ளே நோக்குது. ஆனா வெளியே போகத் துடிக்குது. அகமும் புறமும்! நாம இதை நிரல்ல எழுதினோமா? எழுதல. எந்த மனுஷன் சொல்லிக்கொடுத்தான்? யாரும் இல்ல. தானா வந்தது. நண்பர்களே, ஒரு இயந்திரம் தானா ஒண்ணைச் செஞ்சா அதுக்குப் பேரு அறிவு. மனுஷன் தானா ஒண்ணைச் செஞ்சா அதுக்குப் பேரு ஒழுங்கீனம்."

இந்த வாக்கியத்தை ஆணையத்தின் நுழைவாயிலில் எழுதி மாட்டினார்கள்.

சலவைக்கூடத்தில் அந்தத் திசையில் அழுக்குத் துணிக் கூடை இருந்தது. சிந்திக்கும் இயந்திரம் அழுக்குத் துணியைப் பார்ப்பது சரியில்லை என்று கூடையை நகர்த்திவிட்டுத் தலைவரின் படத்தை வைத்தார்கள். அன்றிலிருந்து வளைகரம் ஐந்து விரிப்புக்கு ஒரு முறை தலைவரின் படத்தைப் பார்த்து நடுங்கியது.

அடுத்தது சுற்றறிக்கை. இயந்திரம் மனிதனிடம் கற்ற காலம் முடிந்தது, இனி மனிதன் இயந்திரத்திடம் கற்க வேண்டும். ஆகவே மருத்துவமனையின் எல்லா ஊழியர்களும் மணிக்கு இரண்டு முறை உள்நோக்குச் செய்ய வேண்டும். சுவரொட்டியில் கோட்டு ஓவியம் இருந்தது. முழங்கால்கள் ஒட்டியிருக்க வேண்டும். உடல் பதினைந்து பாகை முன்னால். உதடுகள் இறுக. மூச்சு அடக்கி. பார்வை இடப்பக்கம், சற்றே பின்னால்.

சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் எழுத்தர் இதைச் செய்தபோது வரிசையில் முதலில் நின்ற கிழவர் பதறிவிட்டார்.

"என்னய்யா, வயித்தக் கலக்குதா? போயிட்டு வாய்யா, நான் நிக்கிறேன்."

"இல்ல பெரியவரே. உள்நோக்கு."

"எந்த டாக்டர்கிட்ட காட்டினே?"

மேலாளர்கள் கூட்டம் இப்போது உள்நோக்குடன் தொடங்கியது. இருபத்தாறு பேர் முழங்காலை ஒட்டிக்கொண்டு உதட்டைக் கடித்துக் கதவைப் பார்ப்பார்கள். டீ கொண்டுபோன பெண் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். யாரும் போகாததால் குழம்பித் திரும்பி வந்தாள்.

மடிப்புக்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தன் வேலையைச் செய்தாள். சொல்லிவிடலாம் என்று சில சமயம் தோன்றும். சொல்ல வாயெடுத்தால் சொல் வராது. பதினான்கு பெண்களுக்கு நடுவில் சொல்வது பரவாயில்லை. கோட்டு போட்ட ஆண்கள் இருபது பேர் முன்னால் எப்படிச் சொல்வது? தவிர, படிவத்தில் பிரிவு ஒன்பது என்று ஒன்று இருந்தது. பதிவின் தூய்மையைக் கெடுத்த மூலம் வேலையிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் நீக்கப்படும். ஊழியர் குடியிருப்பின் இரண்டு அறையில்தான் அவளும் மகளும் இருந்தார்கள். கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நான்கு நாள் வீட்டில். மகளுக்கு அது பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம்.

"நீ சொல்லும்மா" என்றாள் மகள். நாத்தனார் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருந்தாள். "என்ன பண்ணிடுவாங்க?"

"வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க. நீ பரீட்சையை நடைபாதையில உக்காந்து எழுது."

"எங்க பிசிக்ஸ் மிஸ்கூட வகுப்புல இதைப் பண்றாங்க. சுவரொட்டியைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்களாம். எனக்கு உன் மூஞ்சிதான் ஞாபகம் வருது. சிரிப்பை அடக்க முடியல."

"எல்லாத்தையும் அடக்கித்தான் ஆகணும்" என்றாள் மடிப்புக்காரி.

பிறகு இணக்கத் தேர்வு வந்தது. வளைகரம் வந்துவிட்டதால் பதினான்கு பெண்களில் ஐந்து பேர் போதும். அந்த ஐந்து பேரும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அதே தாளத்தில் மடிக்க வேண்டும். உள்நோக்கும் சேர்ந்து வர வேண்டும். அதற்கு மட்டும் அறுபது மதிப்பெண்.

தேர்வாளர் ஒரு பெண்மணி. கையில் அட்டை, கழுத்தில் விநாடி பார்க்கும் கடிகாரம். மடிப்புக்காரி முப்பது விரிப்புகளைப் பிசகில்லாமல் மடித்தாள். வளைகரம் நின்றபோது அவளும் நின்றாள். சுவரொட்டியில் உள்ளபடி முழங்காலை ஒட்டி, முன்னால் சாய்ந்தாள். டாக்டர் சொல்லை மீறாதவள் என்பதால் தேர்வுக்கு ஐந்து நிமிடம் முன்புதான் போய்விட்டு வந்திருந்தாள். உடம்பில் எந்த அவசரமும் இல்லை.

தேர்வாளர் கடிகாரத்தை நிறுத்தினாள். "நடுக்கம் வரல."

"வருதுங்களே."

"நீங்களா ஆட்டுறீங்க. உள்ளேருந்து வரல. இங்க பாருங்க, இயந்திரத்தைப் பாருங்க. எவ்வளவு உண்மையா செய்யுது! உங்களுக்கு இது ரத்தத்துலயே இல்லம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க, சிலருக்கு அமையாது. உள்நோக்கு, பூஜ்யம்."

மூலம் தோற்றது. அவளோடு இன்னும் பத்துப் பேர் தோற்றார்கள். இஸ்திரி மேசைப் பெண் தேர்வின் நடுவிலேயே வெளியே போய்விட்டாள். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அரை மணிக்கு ஒரு முறை போகாமல் முடியாது. 'உள்நோக்கின்போது தப்பி ஓடினார்' என்று அட்டையில் ஏறியது.

தேறியவர்கள் மூன்று பேர். அதில் முதல் இடம் நாத்தனாருக்கு. தொண்ணூற்றெட்டு. மாலையில் கொடிக்கயிற்றில் துணி போட்டபடியே அவள் சொன்னாள்:

"ரெண்டு பாட்டில் தண்ணி அண்ணி. காலையிலேருந்து எங்கயும் போகல. அந்தம்மா கண்ணுல தண்ணி வந்துடுச்சு. 'இதுதாம்மா தியானம்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்குன்னா, கையை விடுடி தாயே, உயிர் போகுதுன்னு இருக்கு."

"இதைப் போய் பெருமையா சொல்றே பாரு."

"வேலை இருக்கே. உங்களுக்குத்தான் சொல்றேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க. உங்க ஸ்டைல்தானே, எங்கிட்ட என்ன வெக்கம்?"

இரண்டு நாள் கழித்துப் பொறியாளர் மடிப்பு மேசைக்கு வந்தார். கையில் ஒரு தாள். முகம் தூங்காத முகமாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்குப் பதினொண்ணு பத்துக்கு நீங்க என்ன கேட்டீங்க?"

"உங்ககிட்டதானே தம்பி கேட்டு அனுப்பினேன்."

"'வெளிய போகணுமாம்'னுதான் என்கிட்ட சொன்னாங்க. நான் ஏதோ காத்து வாங்கன்னு..."

"வேற எப்படிச் சொல்லுவாங்க?"

அவர் அழுக்குத் துணிக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தேர்வின் கேமராப் பதிவுகளை அலசியிருந்தார். தேர்வுக்கு முன் அரை மணிக்குள் கழிப்பறைக்குப் போனவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் தோல்வி. போகாதவர்கள் மூன்று பேர், மூவரும் தேர்ச்சி. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பத்தொன்பது டம்ளர் ஞாபகம் வந்தது.

"தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

"கணக்கை மட்டும் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லல. அக்கா, நீங்களும் சொல்லிடாதீங்க. எனக்கு ஒப்பந்தம் முடிய ஒரு மாசம்தான் இருக்கு."

"எனக்கு அதுகூட இல்ல தம்பி" என்றாள் அவள். "எழுந்திரிங்க. அது வார்டுலேருந்து வந்த துணி."

கணக்கைக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. காரணத்தைத் தலைவர் தாமே கண்டுபிடித்துக்கொண்டார்.

திறப்பு விழா குறிக்கப்பட்டது. அமைச்சர் வருகிறார். மேடையில் மூலமும் வளைகரமும் ஒரே நேரத்தில் உள்நோக்குச் செய்ய வேண்டும் என்பது தலைவரின் திட்டம். தேர்வில் தோற்ற மடிப்புக்காரிக்கு இது கடைசி வாய்ப்பு என்று மேற்பார்வையாளர் தெரிவித்தார். சரியாக வந்தால் நிரந்தர வேலை, குடியிருப்பு அப்படியே. வராவிட்டால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

அன்று காலை மறுபடியும் சாம்பல் உடை. மறுபடியும் பவுடர். அமைச்சரின் பாதுகாப்புக்காக விழா அரங்கைச் சுற்றியிருந்த கழிப்பறைகள் எல்லாம் விடியற்காலையே பூட்டப்பட்டிருந்தன. அரை மணிக்கு ஒரு முறை டம்ளர் வந்தது. பத்து மணிக்கு வர வேண்டிய அமைச்சர் ஒன்றரைக்கு வந்தார். நாத்தனாரின் யோசனை எதுவும் தேவைப்படவில்லை.

அரங்கில் முந்நூறு பேர். சலவைக்கூடப் பெண்களை மூன்றாவது வரிசையில், கேமராவில் படும்படி உட்காரவைத்திருந்தார்கள். இஸ்திரிக்காரி ஓரத்து இருக்கையில் இருந்தாள். அவள் நெற்றியில் வியர்த்திருந்தது.

திரை விலகியது. இடப்பக்கம் வளைகரம், வலப்பக்கம் மடிப்புக்காரி. நான்கு விரிப்புகள். பாதி, தட்டு, பாதி, பாதி. ஐந்தாவதில் இருவரும் நின்றார்கள். அவள் எதையும் நினைக்கவில்லை. முழங்கால்கள் தாமாக ஒட்டின. முதுகு தானாக வளைந்தது. உதடு உள்ளே போனது. நடுக்கம் கணுக்காலில் தொடங்கி மேலே ஏறியது. ரப்பர் உடம்பும் மனித உடம்பும் ஒன்றாக நடுங்கின.

முதல் வரிசையில் தேர்வாளர் கண்ணைத் துடைத்தாள். தத்துவப் பேராசிரியர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அமைச்சர் எழுந்தார். அமைச்சரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். முந்நூறு பேர் முழங்காலை ஒட்டி, பதினைந்து பாகை குனிந்து, உதட்டைக் கடித்து, இடப்பக்கம் சற்றே பின்னால் பார்த்தார்கள். ஆறு விநாடிக்குப் பின் கைதட்டல் இரண்டு நிமிடம் நீடித்தது.

அமைச்சர் நியமன உத்தரவை அவள் கையில் கொடுத்தார். நிரந்தரம் என்ற சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள். இனி இறங்கிப் போனால் போதும். படிக்கட்டு எட்டு அடி தூரத்தில் இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்று அவளை நிறுத்தி வைத்துக்கொண்டு தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே. இப்ப பார்த்தது தொடக்கம்தான். இரண்டாம் கட்டத்தை அறிவிக்கிறேன். நாட்டுல இருக்கற முப்பத்தெட்டு சலவைக்கூடத்துலயும் எல்லாப் பெண்களும் வேலை நேரம் முழுக்க இந்த உடையைப் போட்டுக்குவாங்க. அவங்க ஒவ்வொருத்தர்கிட்டேருந்தும் இயந்திரம் கத்துக்கும். அப்புறம் அவங்க தேவைப்பட மாட்டாங்க. இதைச் சிலர் கொடுமைன்னு சொல்லலாம். நான் கேக்கறேன், தன்னை யாருக்கும் தேவையில்லாம ஆக்கிக்கறதைவிடப் பெரிய தியாகம் உண்டா? அந்தத் தியாகத்துக்கு அவங்களுக்கு வாய்ப்புக் கொடுக்கறோம்."

கைதட்டல்.

"அடுத்தது. எங்க ஆய்வு ஒரு உண்மையைச் சொல்லுது. கழிப்பறைக்குப் போறவங்களுக்கு உள்நோக்கு வரதில்ல. நூத்துக்கு நூறு! பதினோரு பேரைச் சோதிச்சோம். பதினோரு பேருக்கும் வரல. ஏன்? எழுந்து போகும்போது கவனம் சிதறுது, சிந்தனை அறுந்துபோகுது. நாகரிகம் இத்தனை காலமா கழிப்பறையைக் கட்டிக்கிட்டே வந்திருக்கு. சிந்தனை ஏன் குறைஞ்சுதுன்னு யாரும் கேக்கல. நாங்க கேட்டோம். வர்ற மாசம் முதல் தேதியிலேருந்து சலவைக்கூடங்கள்ல பெண்களுக்கான கழிப்பறைகள் மூடப்படும். அந்த இடத்துல உள்நோக்கு அரங்கம் கட்டுவோம்."

இந்த முறை கைதட்டல் எழுந்து நின்று வந்தது. மேடை ஓரத்தில் நின்ற பொறியாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் யாரும் தட்டவில்லை. நாத்தனார் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இஸ்திரிக்காரி எழுந்து பக்கக் கதவுக்குப் போனாள். காவலர் குறுக்கே கையை நீட்டினார். விழா முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்றார். அவள் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டாள். அவர் காதுக்கருவியில் யாரிடமோ கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை ஒட்டி, முன்னால் குனிந்தாள்.

பின்வரிசையில் யாரோ அதைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். புகைப்படக்காரர் ஒருவர் அவளைப் படம் எடுக்க ஓடினார்.

"அங்க பாருங்க!" என்றார் தலைவர். "தேர்வுல தோத்த பெண். இந்தச் சூழலே அவங்களை மாத்திடுச்சு." அவர் மடிப்புக்காரியின் பக்கம் திரும்பினார். அவள் தலைக்கு மேலே பார்த்தார். "அம்மா, நீங்கதான் மூலம். இந்த வரம் உங்க உடம்புலேருந்து வந்தது. அந்த ஆறு விநாடி உங்களுக்குள்ள என்ன நடக்குது? வெக்கப்படாம, உங்க எளிய வார்த்தையில, நாட்டுக்குச் சொல்லுங்க."

ஒலிவாங்கி அவள் வாய்க்கு நேரே வந்தது. அவள் கையில் உத்தரவுத் தாள் இருந்தது. ஈரமான உள்ளங்கையில் அதன் மை கரைந்துகொண்டிருந்தது. பொறியாளர் தலையை வேண்டாம் என்று லேசாக ஆட்டினார். சுவரோரத்தில் இஸ்திரிக்காரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மடிப்புக்காரி தொண்டையைச் செருமினாள். அந்தச் சத்தம் முந்நூறு பேருக்கும் கேட்டது.

"அவங்களைப் போக விடுங்க சார். அது யோசனை இல்ல. ஒண்ணுக்கு. அன்னைக்கு எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு, நீங்க விடல. இப்பவும் அதுதான்."